குண்டு விழுந்த எல்லை: கெடிலக்கரையில் இடப்பெயர்களைப் பதிவது பற்றி

1690 செப்டம்பரில் தேவனாம்பட்டினம் கோட்டையிலிருந்து ஒரு பீரங்கி வெடித்தது. எதிரி யாரும் இல்லை. நிலம் அளப்பதற்காகச் சுட்டார்கள். அப்போது செஞ்சியில் இருந்த மராட்டிய அரசர் ராஜாராமிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி அந்தக் கோட்டையை விலைக்கு வாங்கியிருந்தது. கோட்டையோடு, பெரிய பீரங்கியின் குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள நிலமும் சேரும் என்பது பேச்சு. சென்னையில் அப்போது கவர்னர் எலிஹு யேல். குண்டை எவ்வளவு தூரம் அனுப்புவது என்பது சுடுகிறவன் கைத்திறமை என்ற பொருள்பட அங்கிருந்து அறிவுரையும் போனது. கடலூர் நகரமும் சுற்றியிருந்த ஊர்களும் அந்த வட்டத்துக்குள் விழுந்தன. அந்த ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்று பெயர் ஏற்பட்டு, இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அரசாங்க நூல்களில் அப்படியே எழுதப்பட்டு வந்தது.

கோட்டைக்கு யேல் காலத்தில் வந்த பெயர் செயின்ட் டேவிட். யேலின் பூர்வீகம் வேல்ஸ்; டேவிட் அந்த நாட்டின் காவல் புனிதர். 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது இந்தக் கோட்டைதான் கம்பெனிக்குத் தென்னிந்தியத் தலைமையிடம். 1756-இல் ராபர்ட் கிளைவ் இதன் கவர்னர். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை பிடித்துத் தகர்த்தது. கெடிலம் கடலில் கலக்கும் இடத்தருகே இன்று மிச்சமிருப்பது கொஞ்சம் இடிபாடு. ஊரில் ஆட்டோ ஏறுகிறவர் யாரும் செயின்ட் டேவிட் என்று சொல்வதில்லை. தேவனாம்பட்டினம் என்றோ, சில்வர் பீச் என்றோதான் சொல்கிறார்கள்.

இடப்பெயர் ஆய்வு என்றால் நம்மில் பலருக்கு உடனே தோன்றும் கேள்வி, தேவனாம்பட்டினம் என்றால் என்ன அர்த்தம் என்பது. திருவயிந்திரபுரத்துப் பெருமாள் தேவநாதனோடு சேர்த்துச் சொல்கிறவர்கள் உண்டு. வேறு விளக்கங்களும் உண்டு. டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் 'தெக்னாபட்டம்' என்கிற மாதிரி எழுதி வைத்தது குழப்பத்தைக் கூட்டியது. அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல எனக்கு ஆசை இல்லை. நூறு வருஷமாக நாம் பெரிய பெயர்களுக்கு அர்த்தம் தேடினோம். சின்னப் பெயர்களை எழுதி வைக்கவே இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் ஆதங்கம். ஊர் என்கிற பெயர்ப்பலகைக்குப் பின்னால் ஒவ்வொரு கொல்லைக்கும், ஓடைக்கும், மதகுக்கும், மேட்டுக்கும், கடலுக்கு அடியில் உள்ள ஒவ்வொரு பாறைப் பாருக்கும் பெயர் இருக்கிறது. அவை எங்கும் எழுதப்படவில்லை. சொல்லத் தெரிந்தவர்களுக்கு வயது எழுபதுக்கு மேல்.

எழுதும் பழக்கம் நமக்கு இல்லாமல் இருந்ததா என்றால், இல்லை. சோழர் காலத்தில் ஒரு ஊரைக் கொடையாகக் கொடுத்தால் எல்லையை நடந்து பார்த்துத்தான் கொடுத்தார்கள். பெண் யானையை முன்னால் விட்டு, அதிகாரிகளும் நாட்டாரும் அதன் பின்னால் சுற்றி வந்து, கல்லும் கள்ளியும் நட்டு எல்லை வகுத்தார்கள். 'பிடி சூழ்தல்' என்று செப்பேடுகள் சொல்வது இதைத்தான். நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்கு முதலாம் ராஜராஜன் ஆனைமங்கலத்தைக் கொடுத்ததைச் சொல்லும் பெரிய லெய்டன் செப்பேட்டைப் புரட்டினால், அரசர் புகழ் முடிந்த பிறகு பக்கத்து ஊர், வாய்க்கால், வயல் வரப்பு என்று கீழ், தென், மேல், வட எல்லைகள் நீண்டுகொண்டே போகும். படிக்கிறவர் பெரும்பாலும் தாண்டிப் போகும் பகுதி அது. இடப்பெயர்க்காரனுக்கு அதுதான் புதையல். பீரங்கி ஒரு நொடியில் வட்டம் போட்டது. யானையின் பின்னால் போனவர்கள் வழியில் கண்டதையெல்லாம் பெயர் சொல்லி எழுதிக்கொண்டே போனார்கள்.

அதைவிட வியப்பானது பிரமதேய ஊர்களின் வயல் விலாசம். இன்ன வதிக்கு மேற்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இரண்டாம் கண்ணாற்று மூன்றாம் சதிரத்து இத்தனை குழி என்று கல்வெட்டில் வரும். வதி என்பது வயல் நடுவே போகும் பாதை. வாய்க்கால் அதற்குக் குறுக்கே. கண்ணாறு கிளை வாய்க்கால். இரண்டு கண்ணாறுகளுக்கு நடுவில் எண்ணிட்ட சதிரங்கள். வதிக்கும் வாய்க்காலுக்கும் அரசன், அரசி, தெய்வம் என்று பெயர் இருக்கும். ஆக, பெயர் பாதி, எண் பாதி. ஆயிரம் ஆண்டுக்கு முன் உத்தரமேரூரில் ஒரு துண்டு நிலத்தை வெளியூர்க்காரன் கூடக் கண்டுபிடித்து வந்து நிற்கலாம்.

இந்த வாய்பாடு செத்துப்போகவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த செய்தி. கடலூர்ச் சார்பதிவாளர் அலுவலக வாசலில் ஒரு பழைய கிரயப் பத்திரத்தை வாங்கிப் பாருங்கள். சொத்து விவரத்தில் 'இதற்குச் செக்குபந்தி' என்று ஆரம்பித்து, இன்னார் கொல்லைக்கு மேற்கு, ஏரி வாய்க்காலுக்கு வடக்கு, வண்டிப்பாதைக்குத் தெற்கு, இன்னார் பாகத்துக்குக் கிழக்கு, இதன் மத்தியில் உள்ளது என்று ஓடும். செக்குபந்தி என்ற சொல் மட்டும் பாரசீக வழி வந்த இரவல். வாக்கியத்தின் எலும்பு சோழர் காலத்தது. பத்திர எழுத்தர் கல்வெட்டு படித்தவர் அல்ல. அவருடைய குரு எழுதியதைப் பார்த்து எழுதினார், அந்தக் குரு தன் குருவைப் பார்த்து. முந்தைய தலைமுறைப் பத்திரங்களில் நிலத்தின் வழக்குப் பெயரும் சேர்ந்து வரும். ஆலமரத்துக் கொல்லை, குளத்தடிக் கழனி, மேட்டுத்தோப்பு என்ற பெயரில் 'வழங்கிவரும்' நிலம் என்று ஒரு வரி. இந்த வரிகளைத் திரட்டினாலே ஒரு வட்டத்துக்கு ஒரு பெயர்ப் புத்தகம் தேறும். இப்போது வரும் பத்திரங்களில் நான்கு பக்கமும் சர்வே நம்பர்தான். எழுத்தருக்கும் அவசரம், வாங்குகிறவருக்கும் அது போதும்.

பெயருக்குப் பதில் நம்பர் வந்த கதை 19-ஆம் நூற்றாண்டுக் கதை. அதற்கு முன்னும் கம்பெனி எழுதியது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு செங்கல்பட்டு ஜாகீரில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களை அளந்தபோது, ஊர்க் கணக்குப்பிள்ளைகள் கொடுத்த ஓலைக் கணக்கில் வீடு, ஏரி, குளம், தோப்பு, விளைச்சலில் யாருக்கு எவ்வளவு மேரை என்பது வரை இருந்தது. காலின் மெக்கன்சி ஊர் ஊராகத் திரட்டிய ஊர்க்குறிப்புகளான கைபீதுகளில் கோயிலும் குளமும் பெயரோடு வந்தன. 1802-இல் பரங்கிமலை அருகே நில அளவையாளர் லாம்டன் சங்கிலி பிடித்து அடிக்கோடு அளந்தார்; 1858-இல் சென்னை மாகாணத்தில் நில அளவைத் துறை ஏற்பட்டது. அதன்பின் வயல் ஒவ்வொன்றும் புல எண் ஆயிற்று. புல வரைபடமும் அ-பதிவேடும் நேர்த்தியான வேலை. குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பதிவேட்டில் கடைசிக் கட்டத்தில் ஓடை, குட்டை, களம், மந்தைவெளி, சுடுகாடு என்று வகை மட்டும் நிற்கும். எந்த ஓடை என்று கேட்டால் பதில் கணக்குப்பிள்ளை வாயில் இருந்தது. பரம்பரைக் கணக்குப்பிள்ளை, மணியக்காரர் பதவிகளை 1980 நவம்பரில் அரசு ஒழித்தது. சமூக நியாயப்படி அது சரியான காரியம். அவர்களுக்குப் பதில் வந்த கிராம நிர்வாக அலுவலர் மூன்று வருஷத்தில் மாறிப் போகிறவர். கெட்டிக்காரராக இருந்தாலும் ஏரிக்கரையின் எந்த வளைவுக்கு என்ன பெயர் என்று அவரிடம் யாரும் ஒப்படைக்கவில்லை.

அதே 19-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தில் வேறு மாதிரி நடந்தது. அங்கே நில அளவைப் படையினர் படம் வரைந்ததோடு நிற்காமல், ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பெயர்ப் புத்தகம் வைத்துக்கொண்டார்கள். 1845 முதல் 1878 வரை நடந்த வேலை. பக்கத்தைக் கட்டம் கட்டி, படத்தில் போடப்போகும் பெயர், அதைப் பலரும் எழுதும் விதங்கள், எந்த எழுத்துக்கு யார் சாட்சி, இடம் எங்கே இருக்கிறது, பார்த்தால் எப்படி இருக்கும் என்று எழுதினார்கள். குன்று, பாறை, ஊற்று, ஆட்டுப்பட்டி எதுவும் தப்பவில்லை. குறை உண்டு. சாட்சிக் கட்டத்தில் நிலக்கிழார், பாதிரியார், பள்ளி ஆசிரியர் பெயர்கள்தான் அதிகம். ஆடு மேய்த்தவனின் குரல் குறைவு. கேலிக் மொழி வழங்கும் மலைப்பகுதியில் அம்மொழி தெரியாத சிப்பாய் காதில் விழுந்ததை எழுதிக் கெடுத்ததும் உண்டு. இருந்தாலும் யார் சொன்னது என்ற கட்டம் இருந்ததால், பின்னால் வந்தவர்கள் பிழையைப் பிடிக்க முடிந்தது. 1951-இல் எடின்பரோவில் ஏற்பட்ட ஸ்காட்லாந்து ஆய்வுப்பள்ளி ஒலிநாடாவோடு முதியவர்களிடம் போனது. பெயர்ப் புத்தகங்களைத் தன்னார்வலர்கள் படியெடுத்துக் கொடுத்ததால் இன்று யாரும் வீட்டிலிருந்தே படிக்கலாம். ஒரு சிற்றூரின் பங்குக்குள் மட்டும் நூற்றுக்கணக்கான பெயர்களைத் திரட்டி வைத்திருக்கும் உள்ளூர்க்காரர்கள் அங்கே இருக்கிறார்கள்.

நம் பக்கத்துக் கணக்கைப் பார்ப்போம். ரா.பி. சேதுப்பிள்ளையின் 'தமிழகம் ஊரும் பேரும்' 1946-இல் வந்தது. ஊர்ப்பெயரைச் சுவையாகப் படிக்கலாம் என்று தமிழருக்குக் காட்டிய நூல் அது. இன்றும் மேடையில் பேசுகிறவர்கள் அதிலிருந்து எடுக்கிறார்கள், பெயர் சொல்லாமல். கி. நாச்சிமுத்து 1980-களில் இதை ஒரு துறையாக, முறையோடு எழுதினார். எ. சுப்பராயலு 1973-இல் வெளியிட்ட சோழநாட்டு அரசியல் நிலவியல் நூல் என் கணிப்பில் எல்லாவற்றுக்கும் மேலானது. கல்வெட்டில் வரும் ஊர்ப்பெயர்களை இன்றைய ஊர்களோடு அடையாளம் கண்டு, ஒவ்வொன்றாகப் படத்தில் வைத்து, நாடுகளின் எல்லையை எழுப்பிக் காட்டினார். பெயருக்கு விளக்கம் சொல்வதைவிடப் பெயரை அதன் இடத்தில் வைப்பது பெரிய வேலை என்று அந்தப் படங்கள் நிரூபித்தன. சிந்துவெளிப் பகுதியில் கொற்கை, வஞ்சி, தொண்டி போன்ற பெயர்கள் இருப்பதை ஆர். பாலகிருஷ்ணன் எடுத்துக்காட்டிய பிறகு இளைஞர்களுக்கு இத்துறையில் ஒரு வேகம் வந்திருக்கிறது. நல்லதே. ஆனால் இவையெல்லாம் ஊர்ப்பெயர் அளவில் நிற்கின்றன, ஊருக்குள் இறங்கவில்லை.

இறங்கியவர்கள் இருவரைச் சொல்ல வேண்டும், இருவரும் இந்த நடுநாட்டுக்காரர்கள். ஒருவர் கடலூர்ப் புதுவண்டிப்பாளையத்தில் 1922-இல் பிறந்த சுந்தர சண்முகனார். 'கெடிலக் கரை நாகரிகம்' என்று ஓர் ஆற்றின் கரையை, அதன் ஊர்களை, கோயில்களை, ஓடும் வழியை ஒரு புத்தகமாக்கினார். ஒரு சின்ன ஆற்றுக்கு இவ்வளவு பெரிய மரியாதை தமிழில் அபூர்வம். இன்னொருவர் விருத்தாசலத்துப் பக்கம் மணக்கொல்லைக்காரர் கண்மணி குணசேகரன். அவருடைய 'நடுநாட்டுச் சொல்லகராதி' இடப்பெயர் நூல் அல்ல. ஆனால் முந்திரிக் கொல்லையிலும் செம்மண் ஓடையிலும் புழங்கும் சொற்கள் அதில் இருப்பதால், பெயர் திரட்டப் போகிறவர் பையில் அது இருக்க வேண்டும்.

இந்தப் பகுதியில் பெயர்கள் எப்படி அடுக்கடுக்காகப் படிந்திருக்கின்றன என்பதற்குத் திருப்பாதிரிப்புலியூர் ஒன்றே போதும். பாதிரி மரத்தின் வடமொழிப் பெயர் பாடலி. சிம்மவர்ம பல்லவனின் 22-ஆம் ஆட்சியாண்டான கி.பி. 458-இல் 'லோகவிபாகம்' என்ற சமண நூல் எழுதப்பட்ட 'பாடலிகா' இந்த ஊர்தான் என்பது அறிஞர் பலர் கருத்து. சமணத்திலிருந்து சைவத்துக்குத் திரும்பிய அப்பரைக் கல்லில் கட்டிக் கடலில் போட, அவர் கரையேறியதாகச் சொல்லும் இடம் வண்டிப்பாளையத்தை ஒட்டிய கரையேறவிட்டகுப்பம். இன்று அங்கே நின்றால் கடல் தெரியாது. கெடிலம் ஆறு முன்பு ஊருக்குத் தெற்கே ஓடி, பிறகு வடக்கே மாறியது என்று தலபுராணத்திலும் உள்ளூர் வழக்கிலும் சொல்வார்கள். மண்ணியல் ஆய்வாளர் துளை போட்டுப் பார்க்க வேண்டிய இடத்தை ஒரு குப்பத்தின் பெயர் காட்டிக்கொடுக்கிறது. பக்கத்திலுள்ள செம்மண் மலைக்கு இப்போது கேப்பர் மலை என்று பெயர், ஓர் ஆங்கிலேயப் படை அதிகாரியால் வந்தது. 1783-இல் ஆங்கிலேயர் கடலூரை முற்றுகையிட்டபோது எழுதிய குறிப்புகளில் அதே மேடு வண்டிப்பாளையம் மலையாக வருகிறது. கேப்பர் யார் என்று கேட்டால் அங்கே கிணறு வெட்டுகிறவருக்குத் தெரியாது. பெயர் அவர் வாயில் உருண்டு தமிழாகிவிட்டது. பஸ்ஸில் கண்டக்டர் 'திருப்பாப்புலியூர்' என்கிறார். கடலூர் முதுநகருக்கு 'ஓ.டி.' என்கிறார். பழைய நகரம் என்பதன் ஆங்கில முதலெழுத்துகள் அவை. இவையும் பதிய வேண்டிய பெயர்கள்தான். தூய பெயர் மட்டும் பெயர் என்று நினைக்கிறவர் இந்த வேலைக்கு வர வேண்டாம்.

தூய்மைப்படுத்தும் கை பழையது. முதுகுன்றம் விருத்தாசலம் ஆனது அப்படித்தான். வீரநாராயண ஏரியை வீராணம் ஆக்கியது அதற்கு நேர் எதிர். மக்கள் நாக்கு சுருக்கியது. பராந்தகன் காலத்து அரசப் பட்டம் கொண்ட அந்த ஏரியைச் சுற்றிப் பாருங்கள்: வெள்ளம் கொண்டுவருவது செங்கால் ஓடை, கருவாட்டு ஓடை, மிச்சத்தை வடிப்பது லால்பேட்டை அருகே வெள்ளியங்கால் ஓடை. அரசன் பெயர் ஒன்று, அதைச் சுற்றி யாரோ பெயர் தெரியாத உழவர் வைத்த பெயர்கள் பத்து. வெள்ளம் வரும் நாளில் பொதுப்பணித் துறைக்காரருக்கும் பத்திரிகைக்காரருக்கும் பயன்படுவது இந்தப் பத்துதான்.

தண்ணீர்ப் பெயர்களை முதலில் பதிய வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2015 நவம்பரில் பண்ருட்டி வட்டம் பெரியகாட்டுப்பாளையத்தில் ஓடையில் திடீரென்று வந்த வெள்ளம் வீடுகளை அடித்துக்கொண்டு போனது, பலர் இறந்தார்கள். வருஷத்தில் பதினொரு மாதம் காய்ந்து கிடக்கும் ஓடை மனைக்கட்டு மாதிரித்தான் தெரியும். பெயரும் மறந்துபோனால் அது ஓடை என்பதே மறந்துபோகும். பெண்ணையாற்று முகத்துவாரத்தில் நாணமேடு, உச்சிமேடு, கண்டக்காடு, சுபா உப்பலவாடி என்று ஊர்கள். 2021-இலும் 2024-இலும் ஆறு பெருகியபோது செய்தியில் அடிபட்டவை. மேடு என்று பெயர் வைத்த இடத்துக்குள் தண்ணீர் புகுகிறது. பெயர் வைத்தவர் எதோடு ஒப்பிட்டு மேடு என்றார்? சுற்றிலும் எது பள்ளம், அதன் பெயர் என்ன? மேட்டுக்குப் பெயர் இருந்தால் பள்ளத்துக்கும் இருந்திருக்கும். அதை அந்த ஊர்க் கிழவரிடம்தான் கேட்க வேண்டும். நாணல் இருந்ததால் நாணமேடு, உப்பளம் இருந்ததால் உப்பலவாடி என்று எனக்கும் சொல்லத் தோன்றுகிறது. அதை ஊகம் என்று பென்சிலால் ஓரத்தில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவதே முறை.

கடல் பக்கம் வந்தால் நிலைமை இன்னும் அவசரம். தாழங்குடா, தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம், அக்கரைக்கோரி என்று கரை நீள்கிறது. அக்கரைக்கோரி என்ற பெயரைச் சொன்னவர் இக்கரையில், நகரத்துப் பக்கம் நின்று சொல்லியிருக்கிறார்; அந்த ஊரில் இருக்கிறவருக்கு அது அக்கரை அல்ல. பெயர் யாருடைய பார்வையில் பிறந்தது என்பதைக் குறித்துக்கொள்ள இது நல்ல உதாரணம். கரைக்கு அப்பால் கடலுக்குள்ளும் பெயர்கள் உண்டு. ஆழத்தைப் பாகத்தில் சொல்வார்கள். அடியில் சேறா, மணலா, பாரா என்று சொல்வார்கள். கரையில் இருக்கும் கோபுரம், கலங்கரை விளக்கம், பனைக்கூட்டம் இவற்றில் இரண்டை ஒரே கோட்டில் வைத்து, வேறொரு பக்கத்தில் இன்னும் இரண்டை வைத்து, கோடுகள் வெட்டும் இடத்தில் வலை விடுவார்கள். குமரிக் கரையில் இதைக் கணியம் என்பார்கள். அந்த இடங்களுக்குத் தாத்தா வைத்த பெயர் இருக்கும். பைபர் போட்டும் ஜி.பி.எஸ்-ஸும் வந்த பிறகு இளையவர்கள் 'பாயிண்டு' என்கிறார்கள்; பாயிண்டுக்கு எண்தான், பெயர் இல்லை. திருவனந்தபுரம் கரையில் மீனவர் சமூகத்திலிருந்தே வந்தவர்கள் பார்களை முங்கிப் பார்த்து, படமெடுத்து, பெயரோடு பதிந்திருக்கிறார்கள். சோழமண்டலக் கரை அதைவிட நீளம். வேலை தொடங்கவில்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும். மீன் கிடைக்கும் பார் எங்கே என்பது ஒரு குடும்பத்தின் சோறு. சுருக்குவலைச் சண்டை நடந்த கரை இது. பெயரை எழுதலாம், இருக்கும் இடத்தைச் சரியாகக் குறித்து வெளியிடக் கூடாது. சொன்னவர் அனுமதி இல்லாமல் படத்தில் புள்ளி வைப்பது திருட்டு.

2004 டிசம்பர் 26 சுனாமி கடலூர் மாவட்டத்தில் அறுநூறுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. தேவனாம்பட்டினம் மிகவும் அடிபட்ட ஊர்களில் ஒன்று. பிச்சாவரத்தை அடுத்த மணல் திட்டுகளில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு, பில்லுமேடு, சின்னவாய்க்கால் ஆகியவை குடியிருப்பாக இல்லாமலே போயின. பிழைத்தவர்களைக் கிள்ளைப் பக்கம் உள்ளே குடியமர்த்தினார்கள். எம்.ஜி.ஆர். திட்டு என்ற பெயருக்கு 1975-இல் வந்த 'இதயக்கனி' படப்பிடிப்பைக் காரணமாகச் சொல்வது உள்ளூர்ப் பேச்சு. பெயர் என்றால் பழசாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சினிமாவும் பெயர் வைக்கும். அந்தத் திட்டில் எந்த மூலைக்கு என்ன பெயர், படகை எங்கே ஏற்றினார்கள், நல்ல தண்ணீருக்கு எங்கே ஊற்றுத் தோண்டினார்கள் என்பதெல்லாம் இப்போது நடுவயதில் இருப்பவர்களின் நினைவில் மட்டும் உள்ளது. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த மரத்தைப் பார்க்க இன்று பிச்சாவரம் போகத்தான் வேண்டும்; ஊர் ஒரு இடத்தில், பெயர் கொடுத்தது வேறு இடத்தில் என்பது இந்தப் பகுதிக்குப் புதிதல்ல.

மனிதரைப் பிரிக்கும் பெயர்களை என்ன செய்வது என்ற கேள்வி வராமல் இருக்காது. ஊரும் சேரியும் தனித்தனியாக இருக்கும் இந்த மாவட்டத்தில் ஒரே குளத்துக்கு இரண்டு பெயர் இருக்கக்கூடும். வருவாய்த் துறைப் படத்தில் ஏறியது எது என்று ஊகிக்க அதிக நேரம் ஆகாது. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். அதே ஆண்டு அக்டோபரில் தெரு, குடியிருப்பு, நீர்நிலைகளின் சாதிப் பெயர்களை மாற்ற அரசாணை வந்தது. பலகையில் மாற்றுவது நியாயம். அவமதிக்கும் பெயரில் ஒருவர் விலாசம் எழுத வேண்டிய கட்டாயம் இருக்கக் கூடாது. பதிவேட்டில் பழைய பெயர், அது வழங்கிய காலம், மாற்றிய தேதி மூன்றும் இருக்க வேண்டும். அழித்துவிட்டால், நடந்த அநியாயத்துக்கான சான்றும் சேர்ந்து அழியும். 2020 ஜூனில் 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தை மாற்றி ஆணை போட்டு, சில நாளில் திரும்பப் பெற்றதையும் இங்கே நினைக்கலாம். எழுத்துக்கூட்டைப் பற்றி மாநிலமே சண்டை போட்டது. தன் ஊர் ஓடையின் பெயரைக் கேட்டிருந்தால் சண்டை போட்டவர்களில் எத்தனை பேர் சொல்லியிருப்பார்களோ.

பதியும் முறைக்குப் பெரிய கருவி வேண்டாம். புல வரைபடத்தின் நகல், ஒரு நோட்டு, ஒலி பதியும் செல்போன். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பக்கம். பெயரைப் பேச்சில் கேட்டபடியே எழுத வேண்டும். 'புளியமரத்துக் கொல்ல' என்று சொன்னால் கொல்ல என்றே எழுதி, கீழே கொல்லை என்று எழுத்து வழக்கைச் சேர்க்கலாம். சொன்னவர் யார், என்ன வேலை, எந்தத் தெரு. நிலத்துக்காரர் சொல்வது வேறு, அங்கே களை பறித்த அம்மா சொல்வது வேறு. இரண்டும் வர வேண்டும். பெண்களை விட்டுவிட்டுத் திரட்டுகிறவர்கள் பாதிப் பெயரைத்தான் கொண்டுவருவார்கள். விறகுக்கும், தண்ணீருக்கும், கீரைக்கும் ஊரைச் சுற்றியவர்கள் அவர்கள். புல எண், எந்தத் திசை, பக்கத்தில் என்ன, இப்போது என்னவாக இருக்கிறது என்று குறிக்க வேண்டும். புளியமரம் இன்னும் நிற்கிறதா, வெட்டியாயிற்றா, ப்ளாட் போட்டாயிற்றா? முடிந்தால் நடந்து போய் நின்று கேட்க வேண்டும். திண்ணையில் உட்கார்ந்து கேட்டால் பத்துப் பெயர் வரும். கூடவே நடந்தால் வரப்புக்கு வரப்பு வரும். ஏரி எந்த இடத்தில் கோடி போகும், முதல் மடை யாருக்கு, எந்த மூலையில் முனீஸ்வரன் என்பதெல்லாம் கால் சொல்லும் செய்திகள். அர்த்தம் கேட்கலாம், கேட்டதை எழுதலாம், நம்ப வேண்டிய அவசியம் இல்லை. சிரிப்பை வரவழைக்கும் பெயர், காது கூசும் பெயர், பேய்ப் பெயர் எதையும் திருத்தக் கூடாது.

இதைச் செய்ய ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. தேவனாம்பட்டினத்திலேயே பெரியார் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. சிதம்பரத்தில் 1929-இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம், அதன் கடல் உயிரியல் மையம் பரங்கிப்பேட்டையில். புதுச்சேரியில் தென்னிந்திய வரலாற்றுப் படத் தொகுப்பில் பட்டறிவுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பஸ்ஸில் ஒரு மணி நேரத் தொலைவு. மாவட்டத்தில் 683 ஊராட்சிகள். தமிழ், வரலாறு, புவியியல் படிக்கும் மாணவர் ஒருவருக்கு ஓர் ஊராட்சி, அதுவும் அவரவர் சொந்த ஊர் என்று கொடுத்தால், ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடி அலைய வேண்டியதில்லை. ஏற்கெனவே வந்த தலைப்பில் இன்னொரு சங்க இலக்கிய ஆய்வேடு வருவதைவிட இது பயனுள்ளது என்று வழிகாட்டிகளிடம் பணிவாகச் சொல்வேன்.

கல்லூரியைச் சேராதவர்கள் காத்திருக்க வேண்டாம். தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்குப் பெண்ணையாற்றங்கரையில் ஊர் கூடுகிறது. மாசி மகத்துக்குச் சுற்று வட்டாரச் சாமிகளெல்லாம் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருகின்றன. சாமியோடு வரும் பெரியவர்களில் ஒருவரைப் பிடித்து, உங்கள் ஊர் ஏரிக்கு எத்தனை மதகு, ஒவ்வொன்றுக்கும் என்ன பெயர் என்று கேளுங்கள். சொல்வதை எழுதி, பக்கத்திலேயே அவர் பெயரையும் தேதியையும் போட்டுவிடுங்கள்.